நம் குழுவில் பேட்ஜ் முறை: எதற்குக் கொடுப்பது, யார் கொடுப்பது?

பொங்கோல்_நிரலர் (மட்டுறுத்துநர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழில் கணினிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நம் தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அதோடு உறுப்பினர் பக்கத்தில் பாராட்டுச் சின்னம் தோன்றும் பேட்ஜ் முறை ஒன்றையும் கொண்டுவரலாம் என்று மட்டுறுத்துநர்கள் நினைக்கிறோம். முடிவு எடுக்கவில்லை. உங்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் எடுப்போம்.

இப்போதைய வரைவு இதுதான். 50 பதில் எழுதியவருக்கு வெண்கலம், 200 எழுதியவருக்கு வெள்ளி, 500 எழுதியவருக்குத் தங்கம். தொடர்ந்து 30 நாள் தளத்துக்கு வந்தால் ஒரு பேட்ஜ், 100 நாள் வந்தால் இன்னொன்று. முகப்பில் மாதந்தோறும் முன்னணிப் பட்டியல்.

இது நாங்களாகக் கண்டுபிடித்தது இல்லை. நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008ல் தொடங்கிய காலத்திலிருந்தே மூன்று உலோகங்களையும் வைத்திருக்கிறது. 30 நாள் தொடர்ந்து வந்தால் ‘என்தூசியாஸ்ட்’, 100 நாள் வந்தால் ‘ஃபெனாட்டிக்’. பதிலுக்கு ஓர் ஆதரவு வாக்கு விழுந்தால் 10 புள்ளி, கேட்டவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால் 15. புள்ளி ஏற ஏறப் பொறுப்பும் ஏறுகிறது. 50 புள்ளி வந்தால் எந்தப் பதிவிலும் கருத்து எழுதலாம், 2,000 வந்தால் பிறர் பதிவை நேரடியாகத் திருத்தலாம், 10,000 வந்தால் நீக்கப்பட்ட பதிவுகளையும் பார்க்கலாம்.

ஏன் இது தேவை என்று கேட்பீர்கள். நூலகத்தில் நாம் நடத்தும் பயிலரங்கு முடிந்த வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் புதிதாகச் சேர்கிறார்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். பதில் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் இன்னொருவருக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வருவதற்குள் தொடர்பு அறுந்துவிடுகிறது. மறுபக்கம், ஆண்டுக்கணக்காகப் பதில் எழுதிவருபவர்களுக்கு ஒரு விருப்பக்குறிக்கு மேல் நாம் எதுவும் செய்ததில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஏதாவது செய்தாக வேண்டும். சொல்லுங்கள்.

முதலாண்டு_மாணவர் எழுதியது:

எனக்கு முழுச் சம்மதம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். இங்கே முதல் பதிலை எழுதியபோது அனுப்பும் பொத்தானை அழுத்தவே கை வரவில்லை. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் தப்பாக எதையாவது எழுதிவிடுவோமோ என்ற பயம். ‘முதல் பதில்’ என்று சின்னதாக ஒரு பேட்ஜ் வந்திருந்தால், இங்கே நமக்கும் இடம் உண்டு என்று தோன்றியிருக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2022ல் கொண்டுவந்த பேட்ஜ்களில் ‘புல் ஷார்க்’ என்று ஒன்று இருக்கிறது. நிரலில் இந்த மாற்றத்தைச் சேருங்கள் என்று அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் இரண்டு ஏற்கப்பட்டாலே அது கிடைத்துவிடும். அது வந்த அன்று அம்மாவிடம் காட்டினேன். அது என்னவென்று அம்மாவுக்குப் புரியவில்லை. நான் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்பது புரிந்தது.

ஆலமரம் எழுதியது:

முன்னணிப் பட்டியல் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் தமிழ்க் கணிமை வளர்ந்ததை அருகிலிருந்து பார்த்த தலைமுறை என்னுடையது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையப் பக்கத்தில் நான்கு மொழிக் கவிதைகளும் இருந்தன. இணையத்தில் தமிழ் எழுத்து ஏறிய தொடக்கக் காலப் பக்கங்களில் அதுவும் ஒன்று. அதில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் ‘தமிழ்நெட் 97’ மாநாட்டை இங்கே கூட்டியதிலும் அவருடைய பங்கே பெரியது. விசைப்பலகையிலும் எழுத்துக் குறியீட்டிலும் ஆளுக்கொரு வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேசினார்கள். 1999ல் அவர் காலமானார். 2000ல் இங்கே நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு உருவானது.

அவர் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் தொடர்ந்து வேலை செய்தார் என்று கணக்கு வைத்தவர் எவரும் இல்லை. என்ன செய்தார் என்பதை உடனிருந்தவர்கள் எழுதிவைத்தார்கள். அதனால்தான் அவரைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கும் அவரைத் தெரிகிறது. அங்கீகாரம் என்று நான் நினைப்பது இதைத்தான்: வேலையைப் பார்த்தவர், பார்க்காதவருக்கும் விளங்கும்படி எழுதிவைப்பது.

அதே ஆண்டுகளில் எழுத்துருக்களைச் சோதித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பிழைப் பட்டியல் தயாரித்தவர்கள், மாநாட்டு அறைகளில் கணினிகளைப் பொருத்திக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் எங்கும் பதிவாகவில்லை. எழுதிவைக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். நம் இழைகளிலும் இப்போது அதுவே நடக்கிறது. 500 பதிலுக்குத் தங்கம் என்பது அதைச் சரிசெய்யாது.

முகில் எழுதியது:

பேட்ஜ் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. வேலை செய்கிறது. எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தரவை வைத்து ஆஷ்டன் ஆண்டர்சன், டேனியல் ஹட்டன்லாக்கர், ஜான் கிளைன்பெர்க், யூரே லெஸ்கோவெட்ஸ் ஆகிய நால்வரும் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் பேட்ஜின் எல்லையை நெருங்க நெருங்க, அந்தப் பேட்ஜுக்கு உரிய வேலையை அதிகமாகச் செய்கிறார். எல்லையைத் தொட்ட பிறகு அந்த வேலை சரிந்துவிடுகிறது. பொங்கோல்_நிரலரின் வரைவை அப்படியே போட்டால், 180 பதில் எழுதியவர் 200ஐத் தொடும்வரை கிடைத்த கேள்விக்கெல்லாம் ஏதாவது எழுதுவார். 201ஆவது பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நாள் கணக்கில் பேட்ஜ் வேண்டவே வேண்டாம். தொடர்ச்சியாக எத்தனை நாள் நிரல் எழுதினோம் என்று காட்டும் கணக்கு முன்பு கிட்ஹப் பக்கங்களில் இருந்தது. 2016 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை ஒப்பிட்டு 2021ல் ஓர் ஆய்வு வந்தது. கணக்கை எடுத்ததும் நீண்ட தொடர்ச்சிகள் குறைந்தன, வார இறுதியில் நடந்த வேலையும் குறைந்தது. அதாவது, சனி ஞாயிறுகளில் பலரை உட்கார வைத்ததில் அந்த எண்ணுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

நிரல் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட். ஒரு சொல்லை மாற்றி, ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து, ஊர்பேர் தெரியாத திட்டங்களுக்கெல்லாம் குப்பையாக அனுப்பினார்கள். அதைத் தள்ளிக் கழிப்பதிலேயே பராமரிப்பாளர்களின் நேரம் போயிற்று. அந்த மாதத் தொடக்கத்திலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று விதியை மாற்ற வேண்டிவந்தது.

எல்லாமே கெடுதல் என்று சொல்லவில்லை. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் யானா காலுஸ் செய்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. 4,007 புதியவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சின்னத்தைக் கொடுத்தார்கள். காசு கிடையாது, வெறும் சின்னம்தான். அதைப் பெற்றவர்களில் அடுத்த மாதமும் எழுத வந்தவர்கள் 20 விழுக்காடு கூடுதல். ஆக, புதியவர்களைத் தக்கவைக்க வேண்டும் என்ற கவலைக்கு பேட்ஜ் நிச்சயமாக மருந்துதான். எதிர்பாராமல், பெயர் சொல்லிக் கொடுத்தால்.

இராப்பறவை எழுதியது:

முகில் சொன்னதற்கு என் பக்கத்திலிருந்து ஒன்று.

ஜூரோங் பக்கம் ஒரு தரவு மையத்தில் இரவுநேர வேலை செய்கிறேன். ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். உள்ளே போகும்போது கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நான் இந்தத் தளத்தைப் படிப்பது விடிகாலையில் பஸ்ஸில் திரும்பும்போதுதான். உடம்புக்கு முடியாத நாளிலும் விடுப்பில் ஊருக்குப் போகும் நாளிலும் அதுவும் இல்லை. தொடர்ந்து 30 நாள் என்ற பேட்ஜ் என்னைப் போன்றவர்களுக்காக எழுதப்படவில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளுக்கும் அது கிடைக்காது.

இணைய உரையாடல் தளங்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. அதில் உறுப்பினருக்குக் கூடுதல் உரிமை தரும் மூன்றாம் நம்பிக்கை நிலைக்குப் போக, நிறுவும்போது இருக்கும் அமைப்பின்படி, கடைசி 100 நாளில் பாதி நாளாவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த நிலை பறிபோகும். அந்தப் பாதி நாளில் அவர் என்ன எழுதினார், யாருக்கு உதவினார் என்று இந்த நாள் கணக்குக்குத் தெரியாது.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே புள்ளிக்குள்தான் வாழ்கிறோம். இங்கே வேலை செய்ய அனுமதி தரும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்துக்கு 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி வேண்டும். சம்பளத்துக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். நான் இங்கே வருவது அந்த எண்ணிக்கைக்கு வெளியே கொஞ்ச நேரம் தமிழில் பேசுவதற்காக. இங்கேயும் எண்ணாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்மினி எழுதியது:

ஆலமரம் ஐயா சொன்னதை நம் தளத்திலேயே காட்டுகிறேன்.

ஓர் உறுப்பினர் ஒருமுறை இப்படிக் கேட்டிருந்தார். அவருடைய தொண்டூழிய அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் ‘கோவிந்தசாமி’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். திரையில் பார்த்தால் எல்லாப் பெயரும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உடனே பதில்கள் குவிந்தன. எழுத்துருக் கோளாறு என்றார் ஒருவர். தரவுத்தளத்தையே மாற்றுங்கள் என்றார் இன்னொருவர். ஒன்றும் நடக்கவில்லை.

சில நாள் கழித்து வந்த ஒருவர் முதலில் மாதிரித் தரவைக் கேட்டு வாங்கினார். ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளே என்ன குறியீடு இருக்கிறது என்று பிரித்து அச்சிட்டுக் காட்டினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடு தரும் யூனிகோடில் ‘கோ’வை இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறுவேறு. பட்டியலின் ஒரு பகுதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. மாற்றிய மென்பொருள் குறியை இரண்டாக உடைத்துப் போட்டிருந்தது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும், பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி வேலை. எல்லாப் பெயரும் வந்துவிட்டன. கொ, கோ, கௌ என்று பிளவுபடும் குறியுள்ள எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அந்தப் பதில் பயன்படும். நானே பிறகு பலரை அங்கே அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பதிலுக்கு விழுந்த விருப்பக்குறிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எந்த மடிக்கணினி வாங்கலாம் என்ற இழையில் ஒருவரிப் பதில்களுக்குக் கொட்டிக் கிடக்கிறது. வரைவின் கணக்குப்படி, அவசரமாகத் தவறான பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒன்று. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவருக்கும் அதே ஒன்று.

இன்னொரு வகை வேலை இருக்கிறது, அது பதிலே இல்லை. மென்பொருள் மொழிபெயர்ப்பில் நான் பெரும்பாலும் சரிபார்ப்பவள். ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தாவிட்டால் அது பயனருக்குப் போகக் கூடாது. மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனில் 2024ல் பேட்ஜ் கொண்டுவந்தபோது, மொழிபெயர்ப்பவருக்கு ஒன்று, சரிபார்ப்பவருக்கு ஒன்று, புதியவர்களைப் பொறுப்புக்கு உயர்த்துபவருக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். அந்த வேலையை உள்ளிருந்து அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. ‘ஆல் கான்ட்ரிபியூட்டர்ஸ்’ என்ற வழக்கத்தைப் பின்பற்றும் ஓப்பன் சோர்ஸ் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) திட்டங்களில், ஆவணம் எழுதியவர், பிழையைச் சொன்னவர், நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர் என்று எல்லாருடைய பெயரும் முதற்பக்கத்திலேயே இருக்கும், பக்கத்தில் என்ன செய்தார் என்ற அடையாளத்தோடு.

நம் ஊரிலேயே பாருங்கள். என்ஜினியர்ஸ்.எஸ்ஜி தொண்டூழியர்கள் ஆண்டுக்கணக்கில் நுட்பச் சந்திப்புகளை ஒளிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். வேலை முடிந்து ஓடிவந்து, கேமராவை நிறுத்தி, ஒலியைச் சரிபார்த்து, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கம்பிகளைச் சுருட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காணொளியின் தலைப்பில் பேசியவர் பெயர் இருக்கும், அது சரிதான். சுருட்டியவர் பெயர் எங்கே இருக்கும்? நம் பயிலரங்குகளிலும் கடைசி ஆளாக அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். தளத்தில் அவர் பத்துப் பதிவுகூட எழுதியிருக்க மாட்டார்.

தேக்காவாசி எழுதியது:

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். வங்கித் தொழில்நுட்பப் பிரிவு. சுயவிவரத்தில் பேட்ஜ் வரிசையைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று இங்கே சிலர் தனிப்பட்ட முறையில் கேட்டிருக்கிறார்கள். பொதுவில் சொல்கிறேன்.

எண்ணிக்கை பேட்ஜைத் தாண்டிப் போய்விடுவேன். சாட்ஜிபிடி வந்த சில நாட்களிலேயே, 2022 டிசம்பரில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதைக் கொண்டு எழுதிய பதில்களுக்குத் தடை போட வேண்டிவந்தது. பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும் பதிலை நொடியில் உருவாக்க முடியும் என்ற நிலையில், 500 பதில் என்பது உழைப்புக்குச் சான்றாகாது.

ஆனால் பேட்ஜைத் தட்டினால் வேலை திறக்கும் என்றால் கட்டாயம் தட்டுவேன். மொசில்லா 2011ல் அறிவித்த ஓப்பன் பேட்ஜஸ் முறையின் பலம் அதுதான். படத்துக்குள்ளேயே யார் கொடுத்தது, எந்தத் தகுதிக்குக் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்ற தகவல் அடங்கியிருக்கும், சான்றுக்கான இணைப்பையும் சேர்க்கலாம். மின்மினி சொன்ன அந்த யூனிகோடு பதிலுக்கு அப்படி ஒரு பேட்ஜ் இருந்து, அது எனக்கு வந்த விண்ணப்பத்தில் இருந்திருந்தால், அவரை அன்றே அழைத்துப் பேசியிருப்பேன். மாதிரித் தரவைக் கேட்டு வாங்கியவர் என்ற ஒரு விவரமே போதும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. உறுப்பினர்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்று போனால், நம் தமிழ் நிகழ்ச்சிகளில் நடப்பது இங்கேயும் நடக்கும். மேடையில் இருக்கிற எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள், அடுத்த ஆண்டும் அதே எட்டுப் பேர். எண்ணிக்கை எவ்வளவு குருடாக இருந்தாலும் அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. இதற்கு வழி சொல்லாமல் எண்ணிக்கையைத் தூக்கி எறியாதீர்கள்.

உட்லண்ட்ஸ்_ஆசிரியை எழுதியது:

இது வகுப்பறையில் அன்றாடம் எதிர்ப்படும் கேள்வி.

1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனையை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்போம். ஓவியம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட பிள்ளைகள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. பிறகு அவரவர் விருப்பத்துக்கு விட்டபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சொல்லாமல் பெற்ற பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. முகில் சொன்ன விக்கிப்பீடியா ஆய்வும் இதுவும் ஒன்றை ஒன்று பார்த்துப் பேசுகின்றன.

பள்ளிக் கலைக் குழுக்கள் பங்கேற்கும் சிங்கப்பூர் இளையர் விழாவிலும் முன்பு தங்கம், வெள்ளி, வெண்கலம்தான். 2013லிருந்து அதை எடுத்துவிட்டு மூன்று நிலைச் சான்றிதழ்களாக மாற்றினார்கள். சான்றிதழிலும் ஏற்ற இறக்கம் உண்டு, பெற்றோர் இன்றும் ஒப்பிடத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் தங்கம் தவறிவிட்டது என்று நடனக் குழுப் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் அழுத அந்தக் காலத்தைப் பார்த்தவள் நான். அது மாறியதில் எனக்கு நிம்மதி. பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் இடத்தில் மூன்று உலோகங்களை மறுபடியும் ஏன் கொண்டுவர வேண்டும்?

முதலாண்டு_மாணவர் எழுதியது:

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். மரியாதையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்கிற எல்லாருக்கும் இங்கே ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஆலமரம் ஐயா ஒரு வரி எழுதினால் நாங்கள் நின்று படிக்கிறோம். மின்மினி அக்கா திருத்தினால் மறுபேச்சு இல்லை. எங்களுக்கு அது கிடையாது. யாராவது பார்த்து, பாராட்டி, எழுதிவைக்க வேண்டும் என்றால் முதலில் யாராவது எங்களைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குருடுதான், ஆனால் அது கூச்சப்படுகிறவனையும் எண்ணும். ‘இதுவரை பத்துப் பேருக்கு உதவியிருக்கிறாய்’ என்று தளம் எனக்குச் சொன்னால் அதில் என்ன கெடுதல்? மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றுகூட இல்லை, எனக்கு மட்டும் காட்டினால் போதும்.

ஆலமரம் எழுதியது:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் பேசியதில் விட்டுப்போனது அதுதான்.

உனக்கு மட்டும் தெரியும் எண்ணில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது உன் குறிப்பேடு. ஊர் முன்னால் வரிசைப்படுத்தி நிறுத்தும்போதுதான் சண்டை வருகிறது. பார்க்க ஆள் வேண்டும் என்றாயே, அந்தப் பொறுப்பு எங்களுடையது. மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு புதியவருடைய பதிவைத் தேடிப் படித்து, அதில் எது நன்றாக இருக்கிறது என்று அந்தப் பதிவுக்குக் கீழேயே எழுத வேண்டும். விருப்பக்குறி போட்டுவிட்டு நகரக் கூடாது. இதை யாரும் சட்டமாகப் போட வேண்டியதில்லை. நான் இந்த வாரமே தொடங்குகிறேன்.

முகில் எழுதியது:

ஒரு விஷயம் பேசாமல் விட்டால் பின்னால் வருத்தப்படுவோம். பேட்ஜையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

2024 மார்ச் மாதம் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை எல்லாரும் படித்திருப்பீர்கள். லினக்ஸ் இயங்குதள உலகம் முழுவதும் பயன்படுத்தும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளை லாசே காலின் என்ற ஒருவர் பெரும்பாலும் தனியாகப் பராமரித்துவந்தார். அவர் களைத்திருந்த காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டாண்டுக்கும் மேலாக உருப்படியான நிரல்களை அனுப்பிப் பராமரிப்பாளர் உரிமையையே பெற்றார். பிறகு உள்ளே கள்ளவாசல் ஒன்றை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. எண்ணிக்கையைப் பொறுமையாகச் சேர்க்க யாராலும் முடியும். பொறுப்பை, பழகி அறிந்தவருக்கே கொடுக்க வேண்டும்.

பேட்ஜ் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் மட்டுறுத்துநர்கள் பலர் 2023 ஜூன் மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். புள்ளியிலும் பேட்ஜிலும் அவர்களுக்குக் குறைவே இல்லை. செயற்கை நுண்ணறிவுப் பதில்களை நீக்குவது பற்றிய கொள்கையை அவர்களைக் கலந்தாலோசிக்காமல் நிறுவனம் மாற்றியது என்பதுதான் கோபம்.

பொங்கோல்_நிரலர் (மட்டுறுத்துநர்) எழுதியது:

எல்லாவற்றையும் படித்து மட்டுறுத்துநர்களோடு பேசினேன். வரைவு இப்படி மாறுகிறது.

நாள் கணக்குப் பேட்ஜ் இரண்டும் போய்விட்டன. முன்னணிப் பட்டியலும் இல்லை. மூன்று உலோகங்களும் இல்லை. எத்தனை பேருக்கு உதவினோம் என்ற எண் அவரவர் பக்கத்தில் அவரவருக்கு மட்டும் தெரியும். முதல் கேள்வி, முதல் பதில், முதல் பயிலரங்கு உதவி என்று புதியவர்களுக்கான சில பேட்ஜ்கள் இருக்கும். அவற்றின் பட்டியலை எங்கும் வெளியிட மாட்டோம், வரும்போது வரட்டும்.

முக்கியமானது மற்றொன்று. எந்த உறுப்பினரும் இன்னோர் உறுப்பினரின் ஒரு குறிப்பிட்ட வேலையை முன்மொழியலாம். என்ன செய்தார், யாருக்குப் பயன்பட்டது என்று குறைந்தது ஐந்து வரி எழுத வேண்டும், வேலைக்கு இணைப்புத் தர வேண்டும். தளத்துக்கு வெளியே நடந்த வேலையாக இருந்தால் உடனிருந்த இன்னொருவர் உறுதி சொல்ல வேண்டும். அந்த ஐந்து வரியே பேட்ஜ். படத்தைத் தட்டினால் அதுதான் திறக்கும், கீழே எழுதியவர் பெயரோடு. தேக்காவாசி கேட்டபடி ஓப்பன் பேட்ஜஸ் வடிவில் வெளியே எடுத்துச் செல்லவும் முடியும். மட்டுறுத்தும் உரிமைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

தேக்காவாசி எழுதியது:

பொன்னாடைக்கு வழி?

பொங்கோல்_நிரலர் (மட்டுறுத்துநர்) எழுதியது:

ஒருவர் அதே ஆளை ஓராண்டுக்குள் இரண்டாம் முறை முன்மொழிய முடியாது. உங்களை முன்மொழிந்தவரை நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்மொழிய முடியாது. யார் யாரை முன்மொழிந்தார்கள் என்ற முழுப் பட்டியலும் எல்லாருக்கும் திறந்திருக்கும். மட்டுறுத்துநர்களை யாரும் முன்மொழிய வேண்டாம் என்று நாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தேக்காவாசி எழுதியது:

ஆறு மாதம் போதாது, அதையும் ஓராண்டாக்குங்கள். கடைசி விதி தேவையில்லை என்று நினைக்கிறேன். சர்வர் மாற்றத்துக்கு இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு யாராவது ஐந்து வரி எழுத நினைத்தால் தடுக்காதீர்கள். மற்றபடி சம்மதம்.

மின்மினி எழுதியது:

பழைய வேலைகளையும் முன்மொழியலாமா? இப்போது தளத்துக்கு வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

பொங்கோல்_நிரலர் (மட்டுறுத்துநர்) எழுதியது:

தாராளமாக. எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி. கால எல்லை வைக்கவில்லை. தேக்காவாசி சொன்ன இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறோம்.

இராப்பறவை எழுதியது:

நாள் எண்ணும் நிரல் பகுதியை நீக்கி, முன்மொழியும் படிவத்தை எழுதித் தருகிறேன். வரும் நான்கு நாள் எனக்கு ஓய்வு. சோதனை சர்வருக்கு அனுமதி கொடுங்கள். முதலாண்டு_மாணவர் தம்பி நேரம் இருந்தால் என்னோடு சேரட்டும், அவருக்கு மட்டும் தெரியும் அந்த எண்ணை எங்கே வைப்பது என்று அவரே சொல்லட்டும்.

முதலாண்டு_மாணவர் எழுதியது:

சேர்கிறேன் அண்ணே. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் முழுவதும் இருப்பேன்.